வங்கக் கடலில் ஒரு மாசி மகம்

ரங்கூனிலிருந்து பாய்மரத் தோணியில் ஊர் வந்து சேர்ந்தவன் நான் என்றால் பூந்தமல்லியில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். நம்புகிற மீதிப் பேர் கேள்வி கேட்டே உயிரை எடுப்பார்கள். புயல் அடித்ததா, திமிங்கிலம் வந்ததா, குடிதண்ணீருக்கு என்ன செய்தீர்கள் என்றெல்லாம் கல்யாணப் பந்தியில்கூட விடாமல் கேட்டிருக்கிறார்கள். கூட யார் வந்தார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்தக் கேள்வி வருமுன் நானே எரிந்து விழுந்து பேச்சை முறித்துவிடுவேன். எனக்கு முன்கோபம் என்று ஊரில் பெயர். அது கோபம் இல்லை, பயம். இனி பயப்பட வேண்டியவர்கள் யாரும் இல்லாததால் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் இருந்தன. மல்லிகையும் கத்திரியும் போட்டோம். அப்பா செத்த பிறகு அது வீட்டுக்குப் போதவில்லை. நான் கப்பலேறி ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை நிறுக்கும் வேலையில் சேர்ந்தேன். பிறகு ஒரு தடவை விடுப்பில் வந்தபோது என் தங்கைக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். மழை பொய்த்து அவள் வீட்டுக்காரர் சும்மா இருந்தார். என்னோடு வாருங்கள் மாப்பிள்ளை, ஆலையில் சேர்த்துவிடுகிறேன் என்று நான்தான் அழைத்தேன். அவருக்கு ஆசை, அவர் வீட்டாருக்கு இஷ்டமில்லை. நான் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தேன். தங்கை எங்கள் வீட்டிலேயே அம்மாவோடும் என் மனைவியோடும் இருப்பது என்று ஏற்பாடு.

புறப்படும் அன்று தங்கை அழவில்லை. என்னைப் பார்த்து ஒன்று சொன்னாள்.

"கூட்டினு போறவன் நீ. கூட்டினு வர்றதும் உன் பொறுப்புதான்."

உன் புருஷன் என்ன கைக்குழந்தையா, இடுப்பில் தூக்கிக்கொண்டு வர, என்று நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

யுத்தம் ரங்கூனுக்கு வந்தபோது எங்களுக்கு அங்கே இரண்டாம் வருஷம். ஆலையில் குண்டு விழுந்தது. அதன்பின் வேலை இல்லை, கூலி இல்லை, ராத்தங்கக் கூரையும் இல்லை. ஸ்டீமரில் இடம் கிடைக்க வேண்டுமானால் வெள்ளைக்காரனாகவோ பணக்காரனாகவோ பிறந்திருக்க வேண்டும். கால்நடையாக மலை தாண்டிப் போகலாம் என்று கிளம்பியவர்கள் வழியிலேயே பேதி கண்டு விழுகிறார்கள் என்று சேதி வந்தது. ஊருக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதிலே இல்லை. எப்படியாவது மாப்பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்ற ஒரே நினைப்பில் ஆற்றங்கரையில் படகு படகாகக் கேட்டுக்கொண்டு அலைந்தேன்.

அப்படிக் கிடைத்ததுதான் அந்தக் கடலூர்த் தோணி. தோணியின் தலைவரைத் தண்டல் என்பார்கள். எங்கள் தண்டலுக்கு அறுபது வயது இருக்கும், அதிகம் பேச மாட்டார். அவருடைய ஆட்களில் பாதிப் பேர் குண்டுக்குப் பயந்து ஓடிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் மூன்று மாலுமிகளும் ஒரு சமையற்காரரும்தான். கூலி தர மாட்டேன், பயணக் கட்டணமும் கேட்க மாட்டேன், ஓடிப்போனவர்கள் இடத்தில் நின்று கயிறு இழுத்தால் போதும் என்றார். ஆக மொத்தம் ஏழு பேர் ஒரு சமுத்திரத்தைத் தாண்டக் கிளம்பினோம். எங்கள் இருவருக்கும் கடலைப் பற்றித் தெரிந்தது, கப்பல் கவிழ்ந்தாற்போல் கன்னத்தில் கை வைக்காதே என்று பிள்ளைகளைத் திட்டுவது மட்டும்தான்.

முதல் நான்கு நாள் நான் உயிரோடு இருந்தேன் என்று சொல்ல முடியாது. குடலே வெளியே வந்துவிடும்போல் வாந்தி. மாப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாளே பாயை ஏற்றும் கயிற்றைப் பிடிக்கப் பழகிவிட்டார். என் பங்கு வேலையையும் சேர்த்துச் செய்தார். தோணிக்குள் ஊறும் தண்ணீரை மொண்டு கொட்டுவது எங்கள் இருவர் வேலை. கிணற்றடியில் மாடு கட்டிக் கவலை இறைக்கும்போது பாடுவதைப் பாடிக்கொண்டே அவர் கொட்டுவார். மாலுமிகளுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. எனக்கோ, ஊர் போய்ச் சேர்ந்ததும் தங்கையிடம் உன் புருஷன் பெரிய மாலுமி ஆகிவிட்டார் என்று சொல்லிக் கேலி செய்ய வேண்டும் என்று இருந்தது.

பத்து நாள் நல்ல காற்று. பிறகு காற்று நின்றது. இரண்டு நாள் பாய் துணி உலர்த்தியதுபோல் தொங்கியது. கடல் அசையவில்லை. இப்படியும் கடல் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. மூன்றாம் நாள் விடிந்ததும் சமையற்காரர் விரல்விட்டுக் கணக்குப் பார்த்து, இன்றைக்கு மாசி மகம் என்றார்.

மகத்தன்று எங்கள் பக்கத்தில் வண்டி கட்டிக்கொண்டு கடலுக்குப் போவார்கள். சாமியும் தீர்த்தவாரிக்குக் கடற்கரைக்கு வரும். ஜனங்கள் ஓரத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று, கையைக் கோத்துக்கொண்டு, கும்பலாக மூன்று முழுக்குப் போட்டுவிட்டு வருவார்கள். பாவம் தொலையும். மாப்பிள்ளைக்கு அந்த நினைப்பு வந்துவிட்டது. சுற்றிலும் கடல், மகமும் இன்றைக்கே, முழுகாமல் இருந்தால் யார் மன்னிப்பார்கள் என்றார். தோணியின் விளிம்பில் கையூன்றி எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"இன்னா மச்சான், நம்ம செம்பரம்பாக்கம் ஏரி கணக்கா கீது."

பார்த்தால் அப்படித்தான் இருந்தது. நானும் ஆமாம் என்றேன்.

மாப்பிள்ளையின் நீச்சலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் அவருக்கு இணை கிடையாது. கவலை மேட்டின் உச்சியிலிருந்து தலைகீழாகக் குதிப்பார். கிணற்றில் விழுந்த குடத்தை ஒரே மூச்சில் அடி மண்ணோடு எடுத்து வருவார். கல்யாணம் பேசும்போதே, பையன் நன்றாக நீந்துவான் என்று சொல்லித்தான் எங்களுக்கு அவரைக் காட்டினார்கள். ஆனால் கிணற்றில் எந்தப் பக்கம் நீந்தினாலும் பத்துக் கை போட்டால் சுவர் வந்துவிடும். இது இப்போது எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

தண்டல் முதலில் வேண்டாம் என்றார். ஒரு வாளி கடல் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டால் அதுவும் மகம்தான் என்றார். மாப்பிள்ளை கெஞ்சினார். கடைசியில் கிழவர் இறங்கி வந்து ஒரு நிபந்தனை போட்டார்.

"இடுப்புல கயிறு இல்லாம எவனும் எறங்கக் கூடாது தம்பி. காத்து எப்ப வரும்னு எனக்கே தெரியாது."

சொல்லிவிட்டு அவர் தொழுகைக்குப் பின்பக்கம் போனார். மாப்பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்டு இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டார். இன்னொரு முனை என் கையில் இருந்தது.

அடுத்து நான் செய்ததை இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் கிண்டல் செய்யாமல் இருந்தால் அது எங்கள் பக்கத்தில் உறவே இல்லை. வாய் சும்மா இருக்கவில்லை எனக்கு.

"இன்னா மாப்ளே, இன்னிக்கு மாட்டுப் பொங்கலா? கயிறு கட்டிக் குளிப்பாட்டணுமா உங்களுக்கு?"

மாலுமிகள் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்து என் காலடியில் போட்டார். போட்டுவிட்டுக் குதித்தார். நான் தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்று முழுக்குப் போட்டார். மூன்றாவதில் நெடுநேரம் உள்ளே இருந்து, எங்களைப் பயமுறுத்திவிட்டு, எங்கோ தள்ளி எழுந்தார். மல்லாந்து படுத்துக் கையைக் காலை அசைக்காமல் மிதந்து காட்டினார். அப்போதுதான் என் முதுகில் ஜில்லென்று காற்றுப் பட்டது. இரண்டு நாளாகக் காத்திருந்த காற்று. அப்பாடா என்று சந்தோஷப்பட்டேன். நான் அந்த அளவுக்கு முட்டாள்.

தொங்கிக் கிடந்த பாய் ஒரே அடியில் உப்பிற்று. தோணி நகர்ந்தது. மாட்டு வண்டியானால் மூக்கணாங்கயிற்றை இழுத்து நிறுத்தலாம். தோணியை அப்படி நிறுத்த முடியாது. தண்டல் கத்திக்கொண்டு ஓடிவந்தார். பாயை இறக்கச் சொன்னார். கயிறு உச்சியில் சிக்கிக்கொண்டது. நான் கீழே கிடந்த கயிற்றைச் சுருட்டி வீசினேன். பாதி தூரம்கூடப் போகவில்லை. காலிப் பீப்பாயை உருட்டித் தள்ளினோம், பலகையைத் தள்ளினோம். அவர் எங்களை நோக்கி நீந்தி வந்தார். நன்றாகத்தான் நீந்தினார். ஆனால் ஒவ்வொரு தடவை நான் கண்ணை மூடித் திறக்கும்போதும் அவர் சின்னதாகிக்கொண்டே போனார்.

முதலில் கொஞ்ச நேரம் அவர் முகம் எனக்குத் தெரிந்தது. சிரித்துக்கொண்டு இருந்தார். நாங்கள் விளையாடுகிறோம் என்று நினைத்திருக்கிறார். கையைத் தூக்கி, போதும் நிறுத்துங்கள் என்பதுபோல் ஆட்டினார். அந்தச் சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. அதற்குள் அவர் முகம் தெரியாத தூரத்துக்கு நாங்கள் வந்துவிட்டோம்.

தோணியோடு இருக்க வேண்டிய சின்ன ஓடத்தை ரங்கூன் ஆற்றிலேயே யாரோ அவிழ்த்துக்கொண்டு போயிருந்தார்கள். பாயை ஒருவழியாக இறக்கி, திருப்பி ஏற்றி, காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து அந்த இடத்துக்கு வர உச்சிப்பொழுது ஆகிவிட்டது. அந்த இடம் என்று சொல்கிறேன். கடலில் எது எந்த இடம்? பீப்பாய் கிடைத்தது, பலகை கிடைத்தது. பொழுது சாயும் வரை சுற்றினோம். நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போயிற்று. இனி நின்றால் தண்ணீர் போதாது, ஆறு பேரும் சாக வேண்டியதுதான் என்று தண்டல் சொன்னபோது அவர் கழுத்தைப் பிடித்துவிட்டேன். கிழவர் என் கையைத் தட்டிவிடவில்லை. நானாக விடும் வரை அப்படியே நின்றார். பிறகு பாயைத் திருப்பச் சொன்னார்.

மற்ற நாட்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கயிறு இழுத்தேன், தண்ணீர் மொண்டு கொட்டினேன், கொடுத்ததைத் தின்றேன். கண்ணால் பார்த்ததை மனசு ஏற்கவில்லை. சோறு போடும்போது இரண்டு தட்டு எடுப்பேன். ஆந்திரக் கரையில் ஒரு மீனவக் குப்பத்தில் கரை கண்டோம். அங்கே இறங்கிக் கெஞ்சிக் கூத்தாடி ரயிலேறியிருந்தால் இரண்டு நாளில் ஊர் வந்திருக்கலாம். நான் இறங்கவில்லை. தென்காற்று எதிர்க்க, தோணி கரையோரமாக நத்தைபோல் நகர்ந்தது. அது நகராமலே இருந்தாலும் எனக்குச் சம்மதம்தான். தங்கையின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. அவ்வளவுதான் காரணம்.

பங்குனி கடைசியில் மெட்ராஸுக்கு வடக்கே ஒரு கட்டுமரம் என்னைக் கரையில் இறக்கிவிட்டது. பட்டணத்துக்குள் நுழைந்தால் அங்கே ஆளே இல்லை. கடைகள் பூட்டிக் கிடந்தன. ஒரு தெரு முழுக்க நடந்தும் ஒரு நாயைத்தான் பார்த்தேன். சப்பான்காரன் இன்றைக்கோ நாளைக்கோ குண்டு போடப் போகிறான் என்று ஊரே கிளம்பிவிட்டதாம். பூந்தமல்லி ரோட்டில் வண்டியும் மூட்டையும் ஜனமுமாக எல்லாரும் மேற்கே போய்க்கொண்டிருந்தார்கள். யுத்தத்துக்குத் தப்பி வந்த நான், யுத்தத்துக்குத் தப்பி ஓடுகிறவர்களோடு சேர்ந்து நடந்தேன். தலையில் பெட்டியோடு போன ஒருவர், நீங்கள் எந்தத் தெரு, வீட்டைப் பூட்டிவிட்டு வந்தீர்களா என்று என்னைக் கேட்டார். 

கரையான்சாவடி வந்தபோது உச்சி வெயில். எங்கள் குடும்பத்துக்கு நல்லது கெட்டதுக்கு வருகிற நாவிதர் அங்கே மரத்தடியில் ஒருவருக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தார். தாடியும் மீசையுமாக இருக்கிறோமே, மழித்துக்கொண்டு போகலாம் என்று எதிரில் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். கத்தி கீழே விழுந்தது. எழுந்து மரத்துக்குப் பின்னால் போய்விட்டார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பிறகுதான் மெல்ல வந்து என் கையைத் தொட்டுப் பார்த்தார்.

"நைனா, உனுக்குக் கருமாதி ஆயி மூணு மாசம் ஆவுதே."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவர்தான் நடந்ததை எல்லாம் சொன்னார். கரையான்சாவடிக்காரர் ஒருவர் ஸ்டீமரில் திரும்பியவர், ஆலையில் விழுந்த குண்டில் நான் செத்துவிட்டதாகவும், என் தங்கை வீட்டுக்காரர் ஆலை வாசலில் தலையில் அடித்துக்கொண்டு அழுததைத் தன் கண்ணால் பார்த்ததாகவும் சத்தியம் செய்திருக்கிறார். அவர் பார்த்தது பொய்யில்லை. அன்றைக்கு மாப்பிள்ளை அப்படித்தான் அழுதார். பொழுதுபோய் நான் பக்கத்துச் சரக்குக் கிட்டங்கியிலிருந்து உயிரோடு வந்ததைப் பார்க்க அந்த மனிதர் இல்லை, கப்பலேறிவிட்டார். எங்கள் கடிதங்கள் எதுவும் வந்து சேரவில்லை. மூன்று மாதமாக என் மனைவி பூவும் பொட்டும் இல்லாமல் இருக்கிறாள். என் தங்கை, உயிரோடு இருக்கிற தன் புருஷன் எப்போது வருவார் என்று காத்திருக்கிறாள்.

ஒரே வீட்டில் யாருக்குத் தாலி இருக்க வேண்டுமோ, அது அப்படியே இடம் மாறிக் கிடந்தது. நான் வாசல்படி ஏறினால் ஒருத்திக்குத் திரும்பி வரும், இன்னொருத்திக்குப் போகும். திரும்பிக் கடலுக்கே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். நாவிதர் விடவில்லை. வீடு வரை கூடவே வந்தார்.

முதலில் பார்த்தவள் தங்கைதான். வாசலில் முறத்தில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தாள். தலையில் எங்கள் கொல்லை மல்லிகை. என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் இருந்த ரோட்டைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள். என் மனைவியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தவளும் அவள்தான். என் மனைவியின் நெற்றி வெறுமையாக இருந்தது. அவள் என்னைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா என் முகத்தைத் தடவித் தடவி அழுதாள். தோணியில் வந்தேன் என்று மட்டும் சொன்னேன். அழுகை கொஞ்சம் அடங்கியதும் அம்மா கேட்டாள், மாப்பிள்ளை எங்கே என்று. வாயைத் திறந்தேன். அதற்குள் தங்கை பதில் சொல்லிவிட்டாள்.

"தோணியில சாமான் சட்டு கீதுல்ல, எறக்கிட்டுப் பின்னால வருவாரும்மா. அண்ணன் மொதல்ல தண்ணி குடிக்கட்டும்."

அவள் ஆசை அவளைப் பேச வைக்கிறது என்று நினைத்தேன். நான் மறுக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. கோழைக்கு அது வசதியாக இருந்தது.

விளக்கு வைப்பதற்குள் என் மனைவிக்குத் தாலி ஏறிவிட வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கோத்தார்கள். எங்களில் தாலிக்கு முதல் முடிச்சுத்தான் புருஷன் போடுவது. மற்ற இரண்டும் நாத்தனார் போட வேண்டும். அவள் சுமங்கலியாகவும் இருக்க வேண்டும். எனக்கு உடன்பிறந்தவள் இவள் ஒருத்திதான். சாமி படத்துக்கு முன்னால் நான் முதல் முடிச்சைப் போட்டேன். தங்கை பின்னால் வந்து நின்று இரண்டு முடிச்சு போட்டாள். இழுத்துப் பார்த்து, இறுகிவிட்டதா என்று சரிபார்த்தாள். தன் தலையிலிருந்த பூவைக் கிள்ளி என் மனைவிக்கு வைத்துவிட்டாள். நான் வெட்கம் கெட்டு அங்கேயே நின்றேன். இதைத் தெய்வம் மன்னிக்காது என்று தோன்றியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

அதன்பின் கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். அவள் வந்தாள். துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லுண்ணா. அவரு எப்படிப் போனாரு?"

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். கேட்டேனா, உளறினேனா தெரியவில்லை.

"அவரு வர்றதா இருந்தா நீ ரோட்டுலேர்ந்தே கத்திகினு வந்திருப்ப. வாசல்ல உன்ன பார்த்தப்பவே தெரிஞ்சிபோச்சி. அப்பவே அழுதிருந்தா அண்ணிக்கு யாரு முடிச்சு போடறது?"

சொன்னேன். மகத்தைச் சொன்னேன், முழுக்கைச் சொன்னேன், காற்று வந்ததைச் சொன்னேன். என் கேலியை மட்டும் விழுங்கிவிட்டேன். அவள் சாகும் வரை நான் அதை அவளிடம் சொல்லவில்லை. அவள் கேட்டுக்கொண்டாள். அம்மாவிடம் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், இன்றைக்கு ஒரு பொழுதாவது அண்ணி பூ வைத்துக்கொண்டு இருக்கட்டும் என்றாள். எழுந்து போய் எல்லாருக்கும் சோறு போட்டாள். எனக்கும் போட்டாள்.

மறுநாள் காலையில் நான் எழுந்து வருவதற்குள் அம்மாவின் அலறல் கேட்டது. தங்கை தன் நெற்றியைத் தானே துடைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். என் மனைவி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். என் மனைவியின் கழுத்துக் கயிற்றில் மஞ்சள் இன்னும் காயவில்லை.